அக்கா சொல்லாத பழுது

1

ஜப்பானுக்கு வந்து இந்த மாதத்தோடு பத்து வருஷம் முடிகிறது. யாரும் மாலை போடவில்லை. அதற்குப் பதிலாக நகராட்சி அலுவலகத்திலிருந்து ஓர் அட்டை வந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கான பதிவுச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டுமாம். போட்டோ கொடுத்து, விரலில் மை பூசி, ரேகை வைத்து, நான் திருடன் இல்லை என்று சில வருஷங்களுக்கு ஒருமுறை நிரூபிக்க வேண்டும். முதல் தடவை எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மைப்பெட்டியையே தட்டி விட்டிருப்பேன். இப்போது கோபம் குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பழகிவிட்டது.

பழைய சீட்டில் என் சொந்த ஊர்ப் பெயர் தப்பாக இருந்தது. ஆலங்குடி தாலுகா, திருச்சிராப்பள்ளி ஜில்லா என்று நான் எழுதிக் கொடுத்ததை அவர்கள் எழுத்தில் அடைக்க முடியாமல், பாதியில் வெட்டி, மீதியை யாரோ இஷ்டத்துக்கு முடித்திருந்தார்கள். சீட்டு கைக்கு வந்த அன்றே அதைப் பார்த்தேன். போகட்டும், யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். இந்தத் தடவை கவுண்டரில் இருந்த பெண் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். எழுந்து நின்று தலை குனிந்தாள். உள்ளே போய் மேலதிகாரியைக் கூட்டி வந்தாள். அவரும் குனிந்தார். எனக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் என்னைப் பார்க்கிறார்கள். எனக்கோ ஓடிவிடலாம் போல இருந்தது.

"தெரிந்துமா இத்தனை நாள் சொல்லாமல் இருந்தீர்கள்?" என்று அந்தப் பெண் கேட்டாள். அதட்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

பிழையைச் சொல்லாமல் இருப்பதுதானே நாம் படித்த மரியாதை. அதை ஜப்பானிய மொழியில் எப்படிச் சொல்வது?

புதுக்கோட்டையில் சின்னப் பத்திரிகை ஒன்று நடத்தும் என் சிநேகிதர் ரொம்ப நாளாகவே கடிதத்துக்குக் கடிதம் கேட்டுக்கொண்டிருக்கிறார். "ஜப்பான்காரன் சண்டையில தோத்து, ஊரே எரிஞ்சு போயி, இருவது வருஷத்துல ஒலகத்துக்கே சாமான் செஞ்சு அனுப்புறானே, அந்த ரகசியத்தை எழுதுங்க." ஐயா, ரகசியம் எல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கதை. அது பாதி இங்கே நடந்தது. மீதிப் பாதி ஆலங்குடிக்குத் தெற்கே இரண்டு மைலில், என் அக்கா வீட்டுக் கிணற்றடியில் நடந்தது.

2

எங்கள் தொழிற்சாலை ஒசாகாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். தண்ணீர் இறைக்கும் சின்ன மண்ணெண்ணெய் எஞ்சின்கள் செய்கிறோம். காலையில் ரேடியோவில் பியானோ வாசிப்பார்கள், அதற்குத் தகுந்தபடி முதலாளி முதல் கூட்டுகிறவர் வரை கையைக் காலை நீட்டி மடக்க வேண்டும். அது முடிந்ததும் எங்கள் பிரிவின் மேஸ்திரி ஹிரானோ சான் கேட்கிற முதல் கேள்வி, "நேற்று என்ன கெட்டுப்போனது?"

எத்தனை எஞ்சின் முடிந்தது என்பது இரண்டாவது கேள்வி. அதை அவர் பலகையைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.

நான் வந்த முதல் மாதம் ஒரு போல்ட்டை முறுக்கும்போது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முறுக்கி, வார்ப்பு இரும்பு விரிசல் விட்டுவிட்டது. என்ன செய்தேன்? சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கழிவு இரும்புக் கூடைக்குள் அடியில் தள்ளிவிட்டேன். திருச்சியில் பாலிடெக்னிக் முடித்து, புதுக்கோட்டையில் ஒரு மோட்டார் பட்டறையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். அங்கே எனக்குக் கிடைத்த பெரிய படிப்பே அதுதான். உடைந்தது தெரிந்தால் முதுகு வீங்கும்.

மறுநாள் காலை, கூடையைக் காலி செய்த ஒரு பெண் அந்தத் துண்டை எடுத்து வந்து எல்லார் முன்னாலும் மேஜையில் வைத்தாள். 'யார் செய்தது?' என்று கேட்பார், கையைத் தூக்க வேண்டும், அடுத்த கப்பலில் ஊர்தான் என்று நினைத்தேன். ஹிரானோ சான் கேட்டதோ, "இது எந்த ஸ்பானர்?"

ஸ்பானரைக் கொண்டு வந்தார்கள். அளந்து பார்த்தார்கள். அந்தச் சின்ன போல்ட்டுக்கு அதன் கைப்பிடி நீளம் அதிகம், யார் முறுக்கினாலும் பலம் கூடிப்போகும் என்று முடிவு செய்தார்கள். சாயங்காலத்துக்குள் எல்லா ஸ்பானர்களின் கைப்பிடியையும் வெட்டிக் குட்டையாக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் ஒரு வார்ப்புகூட விரிசல் விடவில்லை. யார் உடைத்தது என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. ஒருவேளை எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

அந்த வாரமே வீரம் வந்து, நானாக ஒரு பழுதைக் கண்டுபிடித்து, எழுந்து நின்று உரக்க அறிவித்தேன். பழுது என்பதற்கு இவர்கள் பாஷையில் 'கெக்கான்'. நான் 'கெக்கோன்' என்று சொல்லிவிட்டேன். அதற்குக் கல்யாணம் என்று அர்த்தம். 'இந்த எஞ்சினில் ஒரு கல்யாணம் இருக்கிறது' என்று நான் சொன்னதும், எப்போதும் சிரிக்காத ஹிரானோ சான்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு வாரம் வரை போகிறவன் வருகிறவன் எல்லாம் மாப்பிள்ளை வீடு எது, பெண் வீடு எது என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

3

எங்கள் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் எனக்குப் பதினைந்து வயது. இனிமேல் எல்லாம் சீக்கிரம் வந்துவிடும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். ரோடு வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. ஆனால் எங்கள் பக்கத்து வயல்களுக்கு மின்சாரக் கம்பம் வந்து சேரவில்லை. செம்மண் பூமி, கிணறோ ஆழம். கடலைக்குக் காய் பிடிக்கிற சமயத்தில் தண்ணீர் கட்டாவிட்டால் கொடியைப் பிடுங்கி மாட்டுக்குத்தான் போட வேண்டும். காலையிலிருந்து மாடு பூட்டிக் கவலை இறைத்தாலும், மாடும் மனிதனும் களைத்துப் போவதுதான் மிச்சம், வயலில் பாதி நனையாது.

அதனால் கம்பெனியில் நானே முன்வந்து பேசினேன். எங்கள் ஊருக்குப் பத்து எஞ்சின் சோதனைக்கு அனுப்புங்கள், ஒரு வெள்ளாமைக் காலம் ஓட்டிப் பார்க்கட்டும் என்றேன். நன்றாக ஓடினால் மேலும் அனுப்புவது, திருச்சியில் ஒரு பழுதுபார்க்கும் பட்டறை போடுவது. இல்லாவிட்டால் அந்தப் பக்கமே போவதில்லை என்று முடிவானது. லைசென்ஸுக்காக டெல்லிக்கும் மெட்ராசுக்கும் காகிதம் நடந்த நடையில் எனக்குத் தலைமுடி கொட்டியது. ஒருவழியாகப் பத்து எஞ்சினும் போய்ச் சேர்ந்தன. அதில் ஒன்று என் அக்கா அழகம்மாள் வீட்டுக்கு.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஐந்தாவது வரை படித்தவள். ஒரு மாதத்தில் அவளிடமிருந்து கடிதம் வந்தது. 'எஞ்சின் ராசாவாட்டம் ஓடுது தம்பி. ஊரே வந்து பாத்துட்டுப் போகுது. ஒன் பேரைத்தான் சொல்லுது.' படித்துவிட்டு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவி சரோஜாவிடம் மூன்று தடவை படித்துக் காட்டினேன். நாலாவது தடவை ஆரம்பித்தபோது, "எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு, விடுங்க" என்றாள்.

அடுத்த வாரமே திருச்சி ஏஜெண்டிடமிருந்து வேறு மாதிரிக் கடிதம். எஞ்சின்கள் அரை மணி ஓடுகின்றன, நிற்கின்றன. கொஞ்ச நேரம் கழித்துக் கிளப்பினால் ஓடுகின்றன, மறுபடி நிற்கின்றன. விவசாயிகள் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. எஞ்சின் மேல் வரவில்லை, நம் ஆட்கள் மேல். மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும், வடிகட்டாமல் ஊற்றியிருப்பார்கள் என்று நானே முடிவு கட்டினேன். உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு அறிக்கை எழுதினேன். அதில் அத்தாட்சியாக என்ன காட்டினேன் தெரியுமா? 'என் சகோதரி வீட்டு எஞ்சின் சிறப்பாக ஓடுகிறது. ஆகவே கையாளும் முறையில்தான் தவறு.'

ஹிரானோ சான் முழுவதும் படித்தார்.

"நீங்கள் பார்த்தீர்களா?"

"அக்கா எழுதியிருக்கிறார்."

"அக்கா பார்த்தார். நீங்கள்?"

அவ்வளவுதான். அந்த அறிக்கையை அவர் மேலே அனுப்பவில்லை. நேரில் போய்ப் பார்க்க வேண்டும், தானும் வருகிறேன் என்று எழுதி வைத்தார். ஜப்பான்காரன் எல்லாவற்றிலும் வேகம் என்று ஊரில் நினைக்கிறார்கள். கிணற்றடியில் அரை நாள் உட்காருவதற்கு அனுமதி வாங்க, ஆறு வாரம், பத்துப் பதினைந்து பேர் முத்திரை. அதற்குள் எங்கள் ஊரில் கடலை பூத்து விழுது இறங்கிவிட்டது. காய் பிடிக்கும் காலம் ஆரம்பித்துவிட்டது.

4

புதுக்கோட்டையில் பஸ் ஏறி ஆலங்குடியில் இறங்கி, மாட்டு வண்டியில் போனோம். ஹிரானோ சான் வெள்ளைச் சட்டை, டை, கையில் டூல்ஸ் பெட்டி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தம் கடலை மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு இடம் விட்டார். ஹிரானோ சான் மூட்டைக்கும் சேர்த்து வணக்கம் வைத்தார்.

கிணற்றடிக்குப் போனால் திருவிழாதான். எஞ்சினுக்குக் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார்கள். குளிப்பாட்டித் துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, அரளி மாலை சார்த்தியிருந்தார்கள். அக்காவும் அவள் வீட்டுக்காரர் கருப்பையா அத்தானும் இரண்டு பக்கமும் துவாரபாலகர் மாதிரி நின்றார்கள்.

"வாங்க, வாங்க! இங்கிட்டு நெழல்ல வாங்க. ஏந் தம்பி, இவரு மொளகாய் திம்பாரா?"

அத்தான் எஞ்சினைக் கிளப்பினார். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. தண்ணீர் தொட்டியில் வந்து விழுந்தது பாருங்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையால் சோதித்து அனுப்பிய எஞ்சின், என் அக்கா வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறது! 'எப்படி?' என்பது போல ஹிரானோ சானைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தொட்டிச் சுவரில் வைத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எஞ்சினுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பத்து நிமிஷம் ஆனது.

"போதும் தம்பி, நிப்பாட்டச் சொல்லு. சாப்பாடு ஆறிப் போகுது" என்றாள் அக்கா.

"முதலில் பார்க்கிறேன்" என்றார் ஹிரானோ சான்.

இருபது நிமிஷம். "கோழிக் கொழம்பு வெச்சிருக்கேன். ஆறுனா நல்லா இருக்காது. அவரக் கூட்டிட்டு வாடா." அத்தானும் கூடவே, "ஆமா மாப்ள, வெயிலு ஏறுது, அவருக்கு ஒத்துக்காது. வாங்க போவோம்" என்று எஞ்சின் பக்கம் கையை நீட்டினார். ஹிரானோ சான் மெல்ல அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். அப்புறம் பக்கத்தில் கவலைக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது. மாடு ஏறி இறங்கும் பாதையில் அன்று காலைச் சாணம் கிடந்தது. நானும் பார்த்தேன். ராசாவாட்டம் ஓடுகிற எஞ்சின் இருக்க, கவலை எதற்கு?

முப்பத்தைந்தாவது நிமிஷம் எஞ்சின் இரண்டு தடவை விக்கிவிட்டு நின்றது.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? என்ன செய்தேன் தெரியுமா? ஒரு வெளியூர் மனிதர் முன்னால், என் அக்காவைப் பார்த்துக் கத்தினேன். "ராசாவாட்டம் ஓடுதுன்னு எழுதுனியே! அத நம்பி நான் கம்பெனிக்கே எழுதிக் குடுத்தேனே! ஏங்க்கா பொய் எழுதுன?"

"நான் என்னத்தடா எழுத?" என்று அவளுக்கும் குரல் ஏறியது. "ஒன் மிசினு நிக்கிதுன்னு எழுதுனா அங்கன ஒனக்கு வேலைக்குக் கேடு வந்துருமேன்னு பயந்து செத்தேன். ஏற்கெனவே அந்நிய தேசத்துல தனியாக் கெடக்க. இதுல நானும் ஒன்னைக் கொறை சொல்லணுமா? நெதமும் நாங்க கவலைதான் எறைக்கிறோம். எறைச்சுட்டுப் போறோம். அதுக்கென்ன இப்ப?"

ஹிரானோ சான் எழுந்து வந்து, அக்கா என்ன சொன்னாள் என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு அப்படியே மொழிபெயர்த்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் இப்போது கத்தினீர்கள். அடுத்த தடவை இவர் எப்படிச் சொல்வார்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகு அவர் அக்காவுக்கு நேராக நின்று, இடுப்பு வளையக் குனிந்து, ஒரு வாக்கியம் சொல்லி, அதை மாற்றாமல் சொல்லும்படி என்னிடம் சொன்னார். "எங்கள் எஞ்சினால் உங்களுக்குச் சிரமம். மன்னிக்க வேண்டும். தெரிந்தது எல்லாவற்றையும் சொல்லுங்கள்."

"இவரு எதுக்குடா என்னக் கும்புடுறாரு?" அக்கா இரண்டடி பின்னால் போய்விட்டாள். "நான் என்னமோ பண்ணிட்ட மாதிரி?"

"ஒனக்குத் தெரிஞ்சதச் சொல்லச் சொல்றாருக்கா."

"கொறைய எல்லாமா?"

"எல்லாம்."

5

அப்புறம் அவள் சொன்னாள் பாருங்கள். எங்கள் சோதனைப் பிரிவில் இருக்கிற ஆறு பேரும் சேர்ந்து பார்த்தாலும் அப்படிப் பார்த்திருக்க மாட்டோம். எஞ்சின் வெள்ளிக்கிழமை ரொம்ப மோசமாக நிற்கும். நாள் போகப்போக ஓட்டம் கூடும். வியாழக்கிழமை ஒரு மணி நேரம்கூட ஓடும். நின்றதும் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க டாங்கி மூடியைத் திறந்தால் 'புஸ்'ஸென்று ஒரு சத்தம் வரும். மூடிவிட்டுக் கிளப்பினால் உடனே பிடிக்கும்.

"ஊருக்குள்ள ஒழுங்கா ஓடுறது ரெண்டுதான்" என்று அத்தானும் தைரியம் வந்து சேர்ந்துகொண்டார். "ஒண்ணு சவரிமுத்து வீட்டுது. இன்னொண்ணு நம்ம மாணிக்கத்துது. அவன் ஒரு சோம்பேறி. மூடியவே தொலைச்சுட்டு கிழிஞ்ச துணிய வெச்சு அடைச்சிருக்கான். அது ஓடுது! பத்திரமா வெச்சிருக்க நம்மளுது நிக்கிது. இது எந்த ஊரு நாயம்?"

ஹிரானோ சான் எழுதுவதை நிறுத்திவிட்டு டாங்கியருகே போனார். மூடியைக் கழற்றினார். பித்தளை மூடி, வட்டமாக, நடுவில் லேசாக மேடிட்டு, பளபளவென்று இருக்கும். எஞ்சினிலேயே லட்சணமான இடம் அதுதான். அந்த மேட்டின் உச்சியில், ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை உண்டு. எண்ணெய் கீழே இறங்க இறங்க அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். காற்று போகாவிட்டால் எண்ணெய் இறங்காது, எஞ்சின் நின்றுவிடும்.

அந்தத் துளை இருக்கிற இடத்தில்தான் அக்கா வெள்ளிக்கிழமைதோறும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்திருந்தாள்.

எட்டு வீட்டிலும் அதேதான். சந்தனம் காய்ந்து வெடிக்க வெடிக்க, வியாழக்கிழமைக்குள் கொஞ்சம் காற்றுப் போகும். வெள்ளிக்கிழமை புதுச் சந்தனம். சவரிமுத்து கிறிஸ்தவர், பொட்டு வைக்கவில்லை. மாணிக்கத்துக்கு மூடியே இல்லை. எஞ்சின் நிற்க நிற்க, ஏதோ தெய்வக் குற்றம் என்று அக்கா சந்தனத்தை இன்னும் தடிமனாக அப்பியிருக்கிறாள்! எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. ஆயுத பூஜைக்கு நானே எத்தனை மிஷினுக்குப் பொட்டு வைத்திருக்கிறேன்! மூடியில் துளை போடும் இடத்தில் நின்று எத்தனை மூடிகளைச் சரி பார்த்து அனுப்பியிருக்கிறேன்! இரண்டையும் சேர்த்து யோசிக்க ஒரு நாளாவது எனக்குத் தோன்றியதா?

ஊசியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்தோம். எஞ்சினைக் கிளப்பினோம். அதற்குள் அக்கம்பக்கத்துக்காரர்கள் கூடிவிட்டார்கள். நான் தொட்டிச் சுவரில் ஏறி நின்று, "இந்தாங்க, எல்லாரும் கேட்டுக்கங்க. இனிமே ஒருத்தரும் எஞ்சினுக்குப் பொட்டு வைக்கக் கூடாது!" என்று சட்டம் போட்டேன்.

"அதெப்படிங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். "சோறு போடுற பொருளு. மூளியா எப்படி வெச்சிருக்கிறது?"

ஹிரானோ சான் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"அந்தத் துளையை அங்கே வைத்தது யார்?"

"நாம்."

"அப்படியானால் இவர்களை ஏன் திட்டுகிறீர்கள்? இறங்குங்கள்."

இறங்கினேன். புது மூடி வரும் வரை டாங்கியின் பக்கவாட்டில் பொட்டு வைக்கலாமா என்று அந்தப் பெண்ணிடமே கேட்கச் சொன்னார். கேட்டேன். அவள் குனிந்து, இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "வைக்கலாம், கன்னத்துல வெச்ச மாதிரி இருக்கும்" என்று அனுமதி கொடுத்தாள்.

எஞ்சின் அன்று மாலை வரை நிற்கவே இல்லை. அத்தான் மண்வெட்டியோடு பாத்தி மாற்றி மாற்றி ஓடிக்கொண்டிருந்தார். கோழிக் குழம்பு ஆறித்தான் போயிருந்தது. ஹிரானோ சான் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தார். அந்த வருஷம் கடலை தப்பித்தது.

6

திரும்பி வந்ததும் மூடியின் வரைபடத்தை மாற்றினார்கள். துளையை மேலிருந்து எடுத்து, விளிம்புக்கு அடியில், கை படாத இடத்தில் வைத்தார்கள். உச்சியில் மேட்டை எடுத்துவிட்டு, ஒரு காசு அளவுக்குத் தட்டையான வட்டம் விட்டார்கள். எந்த மாற்றம் செய்தாலும் வரைபடத்தின் ஓரத்தில் காரணம் எழுத வேண்டும். வரைபவர், 'உபயோகிப்பவர்கள் துளையை அடைத்துவிடுவதால்' என்று எழுதியிருந்தார். ஹிரானோ சான் அதை அடித்துவிட்டு எழுதினார்: 'வாங்கியவர்கள் இந்த இடத்தில் மரியாதை செய்கிறார்கள். அதற்கு இடம் வேண்டும்.'

அந்தக் காகிதம் பதினான்கு முத்திரை வாங்கியது. பதினான்கு பேரும் அதைப் படித்தார்கள். இயக்குநர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, அந்த வட்டத்தின் அளவு போதுமா என்று கேட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், ஊரை விட்டு வந்த பிறகு எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு கிடையாது. பிறகு எஞ்சின்கள் போயின. திருச்சியில் பட்டறையும் வந்தது. இன்றைக்கு எங்கள் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள். அங்கேயும் காலையில், நேற்று என்ன கெட்டுப்போனது என்றுதான் முதலில் கேட்க வேண்டும் என்று எழுதிப் போட்டிருக்கிறேன். கேட்கிறார்களா என்று போய்ப் பார்க்க வேண்டும்.

ஊரிலிருந்து கிளம்பிய அன்று அக்காவிடம், "இனிமே ஒண்ணும் மறைக்காம எழுது" என்று சொல்லிவிட்டு வந்தேன். "எழுதுறேன், எழுதுறேன்" என்றாள். ஆனால் அதற்கப்புறமும் அவள் கடிதங்களில் எல்லாரும் சுகமாகவே இருந்தார்கள். எஞ்சினும் ராசாவாட்டமே ஓடியது. கிணற்றடியில் நான் கத்திய கத்தல் அவள் காதில் இன்னும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். எஞ்சினைச் சரி செய்த இடத்திலேயே நான் ஒன்றை உடைத்துவிட்டு வந்துவிட்டேனோ என்ற பயம் எனக்குப் போகவே இல்லை.

7

என் மகள் கமலிக்கு ஏழு வயது. இங்கேயே பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் தினமும் அன்றைய நாளின் குறையை நோட்டில் எழுதிக் கொண்டுபோக வேண்டும். தன் குறை தீர்ந்துபோனால் எங்கள் குறையை எழுதுவாள். 'அப்பா இன்று கதவைச் சத்தமாகச் சாத்தினார்' என்று எழுதியதற்கு அவள் டீச்சர் சிவப்பு மையில் பூ போட்டு அனுப்பியிருந்தார். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம், "அம்மா ரசத்துல உப்பு ஜாஸ்தி, பாத்துக் குடிங்க" என்று எச்சரிக்கிறாள். தமிழ் பேசும்போதும் வாக்கியத்துக்கு வாக்கியம் தலை குனிகிறாள். சரோஜா தலையில் கை வைத்துக்கொண்டு, "இது நம்ம புள்ளையா, இந்த ஊருப் புள்ளையா?" என்பாள். எனக்கும் அந்தக் கவலை உண்டு. அத்தை என்றால் அவளுக்கு ஒரு போட்டோ, அவ்வளவுதான்.

போன வாரம் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது.

'தம்பிக்கு. கொறை இருந்தா எழுதச் சொன்னீல, எழுதுறேன். எஞ்சின் கொறை ரெண்டு. இழுக்குற கயித்துப் பிடி கையை அறுக்குது. பொம்பளையா இழுத்துப் பாத்தாத்தான் தெரியும். எண்ணெய் ஊத்துற வாய் சின்னதா இருக்கு, கீழ சிந்துது.

'மூணாவது எஞ்சின் கொறை இல்ல. ஒன் கொறை. நம்மளப் பெத்த ஐயா செத்தப்ப நீ வரல. தந்தி குடுத்தும் வரல. நீ சிரமப்பட வேணாம், எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு அப்ப எழுதுனேன். நல்லபடியா முடியல தம்பி. ரெண்டு நாளு ஒன்னையத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாரு. வந்துக்கிட்டு இருக்கான், வந்துக்கிட்டு இருக்கான்னு நான் பொய் சொல்லிக்கிட்டே இருந்தேன். பொறகு எஞ்சின் நிக்கிதுன்னு கடலத் தாண்டி வந்த. அன்னைக்கு எனக்கு சந்தோசமாவும் இருந்துச்சு, வயிறும் எரிஞ்சுச்சு. இத்தன வருசமா எழுதுவமா வேணாமான்னு இருந்தேன். அந்த சப்பான்காரரு என்னையக் கும்பிட்டு, தெரிஞ்சது எல்லாத்தையும் சொல்லுன்னாரே, அத நெனச்சுக்கிட்டேன். எழுதிட்டேன்.'

என் ஐயா என்னைக் கேட்டுக்கொண்டே போனார் என்பது எனக்கு ஏழு வருஷம் கழித்துத்தான் தெரிகிறது. அழுதேன். கமலி வந்து பார்த்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பதில் எழுத உட்கார்ந்ததும் பேனா தன்னால் ஓடியது. அப்போது கப்பலுக்கு இருபது நாள், லீவு கிடையாது, ஒப்பந்தம் முறிந்துவிடும், சரோஜா முழுகாமல் இருந்தாள் என்று ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. எல்லாம் உண்மைதான். படித்துப் பார்த்தேன். எஞ்சினைப் பற்றி அன்று நான் எழுதிய அறிக்கை மாதிரியே இருந்தது. கிழித்துப் போட்டேன்.

வேறு தாளில் எழுதினேன். 'அக்கா, நீ சொன்னது சரி. நான் வந்திருக்க வேண்டும், வரவில்லை. என் பிழை. சொன்னதற்கு உனக்குக் கும்பிடு. ஐயா என்னைப் பற்றிக் கேட்டது என்னென்ன என்று ஒன்று விடாமல் கேட்க, மூன்று பேரும் பொங்கலுக்கு வருகிறோம். ஒரு மாதம் இருப்போம். உன் மருமகள் உன் சமையலைக் குறை சொல்வாள், இப்போதே சொல்லிவிட்டேன். இன்னும் ஏதாவது பாக்கி இருந்தால், நான் வந்ததும் சொல்லு. இந்தத் தடவை கத்த மாட்டேன்.'